தி கார்பென்டர்ஸ் சன்: கண்ணுக்குக் குறையில்லை, கதை எங்கே போச்சு?

2026 ஜனவரி 24, இரவு

ஒருத்தர் கேட்டிருக்கிறார்: "நிக்கோலஸ் கேஜ் நடிச்ச தி கார்பென்டர்ஸ் சன் பார்த்தேன். ஷாட்டுக்கு ஷாட் கண்ணை எடுக்க முடியலை. முடிஞ்சதும் வீட்டுல என்ன கதைன்னு கேட்டாங்க, சொல்ல வரலை. பைபிளை வெச்சுப் பேய்ப்படம் எடுத்தாலே இந்தக் கதிதானா?"

பைபிள்மேல் பழியைப் போடாதீர்கள். பேய்க்கதைக்கு அங்கே பஞ்சமே கிடையாது. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவன் வருகிறான். கல்லறைகளுக்கு நடுவில் குடியிருக்கிறான், கட்டிய சங்கிலியை அறுத்துவிடுகிறான், ராப்பகலாகக் கத்திக்கொண்டு கல்லால் தன் உடம்பையே கீறிக்கொள்கிறான். அவனைப் பிடித்திருந்தவை சுமார் 2,000 பன்றிகளுக்குள் புகுந்து, மொத்த மந்தையும் சரிவில் ஓடிக் கடலில் விழுந்து சாகிறது. அப்புறம் ஊர்க்காரர்கள் வருகிறார்கள். குணமாகி உடுப்புப் போட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தயவுசெய்து எங்கள் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று இயேசுவிடம் கெஞ்சுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் எப்போதும் உடம்பு சிலிர்க்கும். பேய் போயாச்சு, பயம் போகவில்லை.

சவுல் ராஜா கதை இன்னும் மோசம். மாறுவேடம் போட்டுக்கொண்டு, எந்தோரில் அஞ்சனம் பார்க்கிற பெண்ணிடம் ராத்திரியில் போய், செத்துப்போன தீர்க்கதரிசி சாமுவேலை எழுப்பச் சொல்கிறான். எழுந்து வந்தவர், நாளைக்கு நீயும் உன் மகன்களும் என்னோடு இருப்பீர்கள் என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொல்கிறார். அப்படியே நடக்கிறது. மொத்தம் ஒரு பக்கம்கூட வராது. யாருக்குப் பயம், எதனால் பயம், அப்புறம் என்ன ஆச்சு, எல்லாம் அதற்குள் தெளிவாக இருக்கிறது.

இந்தப் படத்தில் தொலைந்தது அந்த "யாருக்கு" என்கிற கேள்விதான். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், காலையில் லோடு ஏற்றணும்.

ஜனவரி 25, காலை

படம் பார்க்காதவர்களுக்காக. லோட்ஃபி நாதன் எழுதி இயக்கியது. 2025 நவம்பரில் அமெரிக்காவில் வெளியானது. ரோமர் காலத்து எகிப்தில் ஒரு தச்சன், அவன் மனைவி, வளர்ந்துவிட்ட மகன், மூவரும் ஒளிந்து வாழ்கிறார்கள். கேஜ் தச்சன், எஃப்கேஏ ட்விக்ஸ் தாய், நோவா ஜூப் பையன். நடிகர் பட்டியலில் மூவருக்கும் பெயர் போடவில்லை, ஆனால் யோசேப்பு, மரியாள், சின்ன வயது இயேசு என்று புரிந்துவிடும். பையனிடம் ஏதோ சக்தி இருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஒரு பிள்ளை வந்து அவனோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிள்ளை யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

தண்டையார்பேட்டையில் சிநேகிதன் வீட்டு மொட்டைமாடியில், வெள்ளை வேட்டியைக் கொடிக்கயிற்றில் இழுத்துக்கட்டி, புரொஜெக்டர் போட்டுப் பார்த்தோம். ஏரோது ராஜாவின் ஆட்கள் கைக்குழந்தைகளை நெருப்பில் போடுகிற தொடக்கக் காட்சியில் வேட்டி முழுக்கச் செக்கச்செவேல். அதற்கு மேலே, தூரத்தில், மணலி ரிஃபைனரி சிம்னியில் எரிகிற தீ. எது படம் எது வானம் என்று கொஞ்ச நேரம் பிரிக்கவே முடியவில்லை. அப்புறம் கடல்காற்று அடித்து வேட்டி உப்பியது, கேஜின் முகமும் கூடவே உப்பியது. எல்லோரும் சிரித்துவிட்டோம். அதைப் படத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

துணி எடுக்க மேலே வந்த சிநேகிதனின் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அந்தப் பிள்ளை திரையில் வந்த மாத்திரத்தில் "இதுதாண்டா சாத்தான்" என்று சொல்லிவிட்டு, துணியை அள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் பைபிளைக் கையால் தொட்டதில்லை. கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிற முருக பக்தை. படமோ அதற்கப்புறமும் அதை ரொம்ப நேரம் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தது. பார்க்கிறவனுக்குத் தெரிந்துபோனதை ஒளித்துவைத்தால் மர்மம் வராது, கொட்டாவிதான் வரும்.

காட்சியில் குறை சொல்ல மாட்டேன். கிரேக்கத்தில் எடுத்திருக்கிறார்கள். பாறை, புழுதி, எண்ணெய் விளக்கு. வெளிச்சத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழித்திருக்கிறார்கள், அது நல்ல கஞ்சத்தனம். நான் செட் வேலைக்குப் பலகை அறுத்துக் கொடுக்கிறவன். புதுப்பலகையில் டீத்தூள் தண்ணீரையும் கறுப்பையும் அடித்து "பழைய கதவு" என்று ஏமாற்றினால் எனக்கு உடனே கண்ணில் படும். இதில் அப்படி ஒன்றும் உறுத்தவில்லை.

ஜனவரி 25, இரவு

இனி மூலக்கதைக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொண்டால் படத்தில் என்ன போச்சு என்று புரியும்.

"தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி" என்று ஒரு பழைய நூல் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கணிப்பு. பைபிளில் சேராதது. கி.பி. 180 வாக்கிலேயே ஐரேனியஸ் என்கிற ஆயர், இதிலும் வருகிற ஒரு கதையைப் பொய்ச்சரக்கு என்று திட்டியிருக்கிறார். திட்டி என்ன பயன், சிரியாக், லத்தீன், எத்தியோப்பியம், ஜார்ஜியம் என்று மொழிமாற்றம் ஆகிப் பரவிக்கொண்டே இருந்தது.

ஐந்து வயது இயேசு, ஓய்வுநாளில் ஓடைக்கரையில் தண்ணீரைச் சின்னச்சின்னக் குட்டையாகத் தேக்கி, களிமண்ணில் 12 சிட்டுக்குருவி பிடித்து வைக்கிறான். ஓய்வுநாளில் என்ன வேலை என்று யோசேப்பு வந்து அதட்டுகிறார். பையன் கையைத் தட்டுகிறான், குருவிகள் பறந்துவிடுகின்றன. இதுவரைக்கும் காலண்டர் படம். அப்புறம் பக்கத்தில் நின்ற ஒரு பையன் குச்சியால் அந்தத் தண்ணீரைக் கலைத்துவிடுகிறான். கலைத்தவனை இயேசு சபிக்கிறான், அவன் மரம் பட்டுப்போவதுபோல் அங்கேயே வாடிப்போகிறான். இன்னொரு நாள் ஓடிவந்த ஒருவன் தோளில் இடித்துவிடுகிறான், விழுந்து சாகிறான். பெற்றவர்கள் யோசேப்பிடம் வருகிறார்கள். பிள்ளைக்குச் சபிப்பதை விட்டு ஆசீர்வதிக்கக் கற்றுக்கொடு, இல்லாவிட்டால் எங்களோடு இந்த ஊரில் இருக்காதே என்கிறார்கள். குறை சொன்னவர்களுக்குக் கண் போகிறது. யோசேப்பு பையனின் காதைப் பிடித்துத் திருகுகிறார்.

கொஞ்சம் நிறுத்தி அந்தக் காதைப் பிடித்த கையை யோசியுங்கள். எங்கள் லைன் வீட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே குழாய். குடத்தைத் தள்ளிவிட்டான், தண்ணியைக் கொட்டிவிட்டான் என்று பிள்ளைகள் சண்டை போடாத நாள் கிடையாது. சாயங்காலம் யார் அம்மாவாவது வாசலில் வந்து நிற்பாள், எங்கள் அம்மா சமாதானத்துக்கு எங்கள் முதுகில் ரெண்டு வைப்பாள். அந்தக் குழாயடியில் ஒருநாள் தண்ணியைக் கலைத்த பையன் நிஜமாகவே சுருண்டு விழுந்துவிட்டால்? அப்புறம் அடிக்கக் கை ஓங்குகிற அம்மாவுக்கு அந்தக் கை எப்படி நடுங்கும்?

அந்த நடுக்கம்தான் கதை. பின்பாதியில் பையன் சபித்தவர்களையெல்லாம் குணமாக்கிவிடுகிறான், மாடியிலிருந்து விழுந்து செத்த சிறுவனை எழுப்புகிறான், பாம்பு கடித்த அண்ணன் யாக்கோபின் கையில் ஊதிக் காப்பாற்றுகிறான். ஆனாலும் அந்தச் சிறுவன் விழுந்து செத்தவுடன் ஊர் யாரைச் சந்தேகப்பட்டது தெரியுமா? கூட விளையாடிய இவனைத்தான். செத்தவனே எழுந்து, நீ என்னைத் தள்ளவில்லை என்று சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

படம் என்ன செய்தது? பையனுக்கு வயசைக் கூட்டிவிட்டது. ஐந்து வயசுக்காரன் கோபத்தில் ஒருவனைச் சாகடித்தால் அது திகில். மீசை அரும்பிய பையன் அப்பாவிடம் முறைத்துக்கொண்டால் அது வீட்டுக்கு வீடு நடக்கிற சங்கதி. கதையின் கழுத்தை அங்கேயே திருகிவிட்டார்கள்.

ஜனவரி 26

"தோமான்னா நம்ம பரங்கிமலை தோமையார்தானே? அவரா இப்படி எழுதினார்?" என்று ஒருத்தர்.

இல்லைங்க. இயேசுவின் சீடரான அவர் பெயரைப் போட்டுக்கொண்டு மூன்று பழைய நூல்களாவது சுற்றுகின்றன, ஆளுக்கு ஆள் குழம்புகிறார்கள். 114 பொன்மொழிகள் உள்ள "தோமாவின் நற்செய்தி" வேறு; அது 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிக் கட்டுக்குள் முழுசாக இருந்தது. அதில் குழந்தை இயேசு கதை, குருவி எதுவும் கிடையாது. இந்தப் படத்துக்கு மூலம் நேற்று சொன்ன குழந்தைப்பருவ நற்செய்தி. இந்தியா வருவது மூன்றாவதான "தோமாவின் பணிகள்". அதிலும் தச்சு வேலை இருக்கிறது. இந்தியாவுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற தோமாவை, இயேசுவே அப்பான் என்கிற வியாபாரிக்குத் தச்சனாக விற்றுவிடுகிறார். குந்தபோரஸ் ராஜா அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தையெல்லாம் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு மேலோகத்தில் அரண்மனை ரெடி என்கிறார். இந்தக் காலத்துப் பில்டர் யாராவது அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்.

பேய்ப்படம் எடுக்கணும் என்றால் அந்த நூலில் ஒரு பாம்பு இருக்கிறது. ஒரு பெண்மேல் ஆசைப்பட்டு, பொறாமையில் அவளோடு இருந்த வாலிபனைக் கடித்துக் கொன்றுவிட்டது. தோமா கூப்பிட்டதும் வந்து நிற்கிறது. ஏன் கொன்றேன் என்று வாய்விட்டுச் சொல்கிறது. ஏற்றிய விஷத்தைத் திரும்ப உறிஞ்சு என்கிறார். உறிஞ்ச உறிஞ்ச வாலிபனின் நிறம் திரும்புகிறது, பாம்பு வீங்கிக்கொண்டே போய் வெடிக்கிறது. படத்தில் பாம்புக்குக் குறைவில்லை. இந்த ஒற்றைப் பாம்புக்கு இருக்கிற மனசு அதில் ஒன்றுக்கும் கிடையாது.

பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் எல்லாமே தென்சென்னைப் பக்கம் போய்விட்டது. எங்கள் ராயபுரத்துக்குப் பேதுரு. கடலுக்குப் போகிறவர்கள் பேட்டைக்கு வலை வீசினவர்தானே வருவார்.

ஜனவரி 29

நைனாவிடம் குழந்தைப்பருவ நற்செய்தியில் உள்ள பலகைக் கதையைச் சொன்னேன். அவர் காசிமேட்டில் படகு வேலை செய்த ஆசாரி. பணக்காரன் ஒருவன் கட்டில் கேட்கிறான். யோசேப்பு அறுத்த சட்டங்களில் ஒன்று குட்டையாகிவிடுகிறது. பையன் ஒரு முனையைப் பிடித்து இழுத்து நீளமாக்கிவிடுகிறான்.

நைனா கேட்டுவிட்டு, "எழுதினவன் ஆசாரி இல்லை" என்றார். ஏன் என்றேன். "ஜோடியா அறுக்கிறதை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சுக் குறி போட்டுதாண்டா அறுப்பான். கட்டிலுக்குத் தனித்தனியா எவன் அளப்பான்? சூசையப்பரைக் கேவலப்படுத்திட்டான்." யோசேப்பைத்தான் நாங்கள் சூசையப்பர் என்போம். ஆயிரத்து எண்ணூறு வருஷமாக இந்த நூலை எத்தனையோ பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கோணத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 1

இன்னொரு சிக்கல். இயேசு கதையில் பையனுக்கு என்ன ஆகும் என்று படபடக்க முடியாது. முடிவு எங்கே, எந்த மரத்தில் என்று எல்லோருக்கும் தெரியும். பாறையிலிருந்து விழுந்தாலும் பாம்பு கடித்தாலும் முப்பது வயசுக்கு மேல்தான் அவனுக்குச் சாவு. அதனால் பதற்றத்தை அவன்மேல் வைத்தால் வேலைக்கு ஆகாது. அவன் பக்கத்தில் இருப்பவர்கள்மேல் வைக்கணும். அவர்களுக்கு என்ன ஆகும் என்று எந்தச் சுவிசேஷமும் உத்தரவாதம் தரவில்லை. படம் கொஞ்ச நேரம் அப்பா பயப்படுகிறார் என்கிறது, கொஞ்ச நேரம் பையன் பயப்படுகிறான் என்கிறது, கொஞ்ச நேரம் சாத்தானுக்கே மனசு வலிக்கிறது என்கிறது. மூணு பேருக்கும் பங்குபோட்டதில் நமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

1976-இல் வந்த தி ஓமன் ஞாபகம் இருக்கிறதா? கிரிகரி பெக் அப்பா. வளர்க்கிற பிள்ளை யாரென்று சந்தேகம் வந்ததிலிருந்து கதை அவர் தோளைவிட்டு அதிகம் நகராது. அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியும், அவர் பயப்படுகிறபோது நாமும் பயப்படுவோம். காட்சியில் அது இந்தப் படத்தின் பக்கத்தில் நிற்காது. ஆனால் பார்த்தவன் இன்றைக்கும் கதை சொல்லுவான்.

அதே நாள், கொஞ்சம் கழித்து

"கிருஷ்ணனும்தான் சின்ன வயசில் பூதனையைக் கொன்னான், சகடாசுரனைக் கொன்னான். அதுல நமக்குப் பயம் வரலையே" என்று கேட்டிருப்பவருக்கு: அருமையான கேள்வி. ஆயர்பாடியில் செத்தது அரக்கி. பால் கொடுக்கிற சாக்கில் விஷம் கொடுக்க வந்தவள். நாசரேத்தில் செத்தது பக்கத்து வீட்டுப் பையன். அவன் செய்த பாவம் தோளில் இடித்ததுதான்.

யசோதை விஷயமும் இருக்கிறது. மண் தின்றாயா, வாயைத் திற என்கிறாள், உள்ளே அண்டசராசரமும் தெரிகிறது, வெலவெலத்துப் போகிறாள். உடனே மாயை வந்து மறைத்துவிடுகிறது, மறுபடி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். பாகவதம் எழுதினவருக்குத் தெரிந்திருக்கிறது, பார்த்ததை மறக்காவிட்டால் அந்தத் தாயால் மறுநாள் காலையில் வெண்ணெய் கடைய முடியாது. யோசேப்புக்கு அந்த மறதி வரம் கிடைக்கவில்லை. மறக்க முடியாத அப்பா ஒருத்தர் போதும், முழுப்படம் எடுக்கலாம்.

பிப்ரவரி 4

மண்ணடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பாய் ஒருத்தர் எனக்குப் பழக்கம். கீல், தாழ்ப்பாள் எல்லாம் அங்கேதான் வாங்குவேன். இந்தக் களிமண் குருவியைச் சொன்னதும் "அட, இது எங்க குர்ஆன்லயும் இருக்கு" என்றார். உண்மை. ஆல இம்ரான் 49, மாயிதா 110. ஈசா நபி களிமண்ணில் பறவை உருவம் செய்து ஊத, அல்லாஹ்வின் அனுமதியால் அது உயிர் பெறும். சபிப்பது, சாகடிப்பது எதுவும் அங்கே கிடையாது. மீதிக் கதையைச் சொன்னதும் பாய்க்கு முகம் மாறிவிட்டது. "அதை நான் கேக்கலைன்னு வெச்சுக்க" என்றபடி பில் போட்டார்.

இன்னொன்று. ஹாம்பர்க் நூலகத்தில் ரொம்ப காலமாக ஒரு பாப்பிரஸ் துண்டு கிடந்தது. கையெழுத்து கோணல்மாணலாக இருந்ததால் ஏதோ கடிதம், இல்லாவிட்டால் மளிகைச் சீட்டு என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024-இல் லாயோஷ் பெர்கெஷ், கேப்ரியல் நோக்கி மசேடோ என்கிற இரண்டு ஆய்வாளர்கள் அது இந்தக் குருவிக் கதைதான் என்று கண்டுபிடித்தார்கள். நாலு, ஐந்தாம் நூற்றாண்டு, எகிப்து. இந்த நூலுக்குக் கிடைத்த கிரேக்கப் பிரதிகளில் இதுதான் பழசு. அளவு சுமாராக 11 சென்டிமீட்டருக்கு 5, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பள்ளிக்கூடத்திலோ மடத்திலோ எழுதிப் பழகின பயிற்சியாக இருக்கலாம் என்கிறார்கள். எகிப்தில் எங்கேயோ ஒரு மாணவன், எழுத்தே சரியாக வராமல், ஒரு குழந்தையின் சேட்டையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். இந்த ஒரு காட்சியை வைத்துத் தொடங்கியிருந்தாலே எனக்குப் போதும்.

பிப்ரவரி 9

படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்தமுறை வேட்டி இல்லை, டிவி. சில விஷயங்களில் மனசு கொஞ்சம் இளகிவிட்டது.

கேஜைக் கிண்டல் செய்து இங்கே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அவர் கத்துகிற இடங்களில் எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் சும்மா நின்று பையனைப் பார்க்கிற சில இடங்கள் இருக்கின்றன. அங்கே நான் மேலே சொன்ன அந்த அப்பா எட்டிப்பார்க்கிறார். அடுத்த நிமிஷமே வசனம் வந்து அவரை விரட்டிவிடுகிறது. நாலு சுவிசேஷத்தையும் புரட்டுங்கள், யோசேப்பு வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக எழுதவே இல்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னபடி செய்கிறார். பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குப் போ என்றால் போகிறார். அந்த வாய்பேசாத ஆளைக் கேஜ் கையில் கொடுத்தது துணிச்சல்தான், ஆனால் பேசாமல் விட்டிருக்க வேண்டும்.

இயக்குநரைக் கதை தெரியாதவர் என்று தள்ளவும் முடியவில்லை. இவருடைய முந்தைய படம் ஹர்க்கா, 2022. துனிசியாவில் திருட்டுப் பெட்ரோல் விற்கிற ஒரு வாலிபனின் கதை. நடித்த ஆடம் பெஸ்ஸாவுக்குக் கான் விழாவில் பரிசு கிடைத்தது. அதில் ஒரே ஆள், ஒரே கோபம், கடைசிவரைக்கும் அவன் கூடவே போவோம். அதே கைதான் இதையும் எடுத்திருக்கிறது. இவருடைய குடும்பம் எகிப்தியக் காப்டிக் கிறிஸ்தவக் குடும்பம். திருக்குடும்பம் எகிப்தில் தங்கிய இடம் என்று இன்றைக்கும் மரத்தையும் கிணற்றையும் காட்டுகிற மக்கள். சொந்த வீட்டுக் கதை என்பதாலேயே எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டாரோ? பக்தியும் இருக்கணும், பேயும் இருக்கணும், அப்பா பிள்ளைச் சண்டையும் இருக்கணும்.

"தெய்வ நிந்தனை இல்லையா இது?" என்று கேட்பவர்களுக்கு: எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வரவேண்டுமென்றால் முதலில் படம் ஏதாவது ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நேற்று மயானக்கொள்ளை. இன்று சாம்பல் புதன். இந்த வருஷம் மாசி அமாவாசையும், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவசுகாலமும் ஒட்டிக்கொண்டு வந்ததில் எங்கள் பேட்டையில் ரெண்டு நாளாக எங்கே பார்த்தாலும் சாம்பல்.

நேற்று மத்தியானம் டீக்கடையில் காளி வேஷம் கட்டியவர் நின்றுகொண்டிருந்தார். முகம் முழுக்க நீலம், கண்ணைச் சுற்றிச் சிவப்பு, கழுத்தில் எலுமிச்சை மாலை. தகர நாக்கைக் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டு, உதட்டுச் சாயம் அழியாமல் ஸ்ட்ரா போட்டு ரோஸ் மில்க் குடித்தார். ஒரு சின்னப் பையன் இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கைக்கூட தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். அப்புறம் பம்பை அடிக்க ஆரம்பித்தது. நாக்கை மாட்டிக்கொண்டு அவர் ஒரு திரும்பு திரும்பினதும் அதே பையன் வீல் என்று கத்தி அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டான்.

தகரம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கதையும் தெரியும். அங்கேயிருந்த எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லுவாள். சிவன் பிரம்மாவின் தலையைக் கிள்ளினார், கபாலம் கையில் ஒட்டிக்கொண்டது, பிச்சையில் விழுந்ததையெல்லாம் அதுவே தின்றது. அங்காளம்மா மயானத்தில் சோற்றை வாரி இறைத்தாள், தின்பதற்குக் கபாலம் கீழே இறங்கியது, அம்மா ஆங்காரமாகி அதை மிதித்தாள். கபாலத்துக்கு என்ன வேணும்? சோறு. அம்மாவுக்கு என்ன வேணும்? புருஷன் பழைய ஆளாகணும். அதனால்தான் சுண்டலும் கொழுக்கட்டையும் சில்லறையும் கூட்டத்தின்மேல் வந்து விழும்போது அது வெறும் வேடிக்கையாக இருப்பதில்லை.

இப்போது படத்துக்கு வாருங்கள். பாம்பு வருகிறது. எதற்கு வருகிறது? பாம்பு என்றால் பயம் என்பதற்காக வருகிறது. நெருப்பு, ரத்தம், சிலுவையில் தொங்குகிற உடல்கள், எல்லாம் அசல்போலவே இருக்கின்றன. தகரம் ஒரு இடத்தில்கூடத் தெரியாது. அதில் ஒன்றுக்காவது என்ன வேணும் என்று நமக்குச் சொல்லியிருந்தால் நாமும் யார் புடவைக்குள்ளாவது புகுந்திருப்போம்.

காலையில் கோயிலில் போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நெற்றியிலும் சாம்பல், அது நேற்றைய பாக்கி.

பிப்ரவரி 20

"தெருவுல ஆடுறதையும் சினிமாவையும் ஒண்ணா வெச்சுப் பேசறீங்க. அங்க கதை எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், படம் புதுசா சொல்லணும். நியாயமா?" என்று ஒருத்தர் பிடித்துவிட்டார்.

பாதி நியாயம். ஆனால் இயேசு கதையும் எல்லோருக்கும் முன்னாடியே தெரியும்தானே? அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இவர்கள் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். நைனாவும் அவர் கூட்டாளிகளும் ஜார்ஜ் டவுன் மினர்வா தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்த ஆட்கள். ஒருத்தருக்கும் இங்கிலீஷ் வராது. மறுநாள் வாடியில் உளியைத் தட்டிக்கொண்டே முழுக்கதையும் சொல்லுவார்களாம், சண்டையோடு, வசனத்தோடு. வசனம் பூராவும் சொந்தச் சரக்கு. கதை மட்டும் பிசகாது, யார் யாரைத் தேடுகிறான், எதற்குத் தேடுகிறான் என்று படமே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் காட்சி பலமாக இருந்தால் கதை பலவீனமாகத்தான் இருக்கும் என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காட்சியாலேயே கதை சொன்ன படங்களைத்தான் அவர்கள் சொல்லிச் சொல்லி ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். இந்தப் படத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டு நைனாவிடம் போட்டுக் காட்டினால் என்ன கதை சொல்லுவார் என்று ஒரு ஆசை. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 22

போட்டுக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டார். எழுந்ததும் சொன்ன கதை: "அந்தத் தாடிக்காரன் புள்ளையைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டு ஓடிட்டே இருக்கான். கடன் வாங்கியிருப்பான்போல."

இதை அப்படியே படமாக எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வருவேன்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

இழை தூங்கிப்போச்சு என்று பார்த்தால், இன்றைக்கு ரெண்டு கேள்வி.

ஒன்று, பிள்ளைகளோடு பார்க்கலாமா? வேண்டாம். தொடக்கத்திலேயே கைக்குழந்தைகளை நெருப்பில் போடுகிறார்கள்.

ரெண்டாவது, எங்கள் தெரு இளைஞர் குழுத் தம்பி ஒருவன். "அண்ணே, ஏப்ரல் 3 பெரிய வெள்ளி. சாயங்காலம் திரை கட்டி இதைப் போட்டா என்ன? விஷுவல் சும்மா மிரட்டுது." தம்பி, சாமியார் பார்த்தால் உன்னை மிரட்டுவார். அதைவிட, வெயிலில் சிலுவைப்பாதை நடந்து வந்து கால் கடுக்க உட்கார்ந்திருக்கிற கிழவிகளுக்கு இதைப் போட்டால், பத்தாவது நிமிஷத்தில் இவன் யார், அவள் யார் என்று உன்னைக் கேட்டே தீர்த்துவிடுவார்கள். உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. திரைக்கு வைத்திருக்கிற காசில் கஞ்சிக்கு இன்னொரு அண்டா வாடகைக்கு எடு. போன வருஷம் பாதி வரிசைக்குப் பத்தவில்லை. பெஞ்சு வேணுமென்றால் பட்டறையிலிருந்து அனுப்புகிறேன், ஆட்டோவுக்கு மட்டும் நீ பார்த்துக்கொள்.